பொம்மை கற்பித்த தமிழ்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், ஞாயிறு வகுப்புக் குழந்தைகளின் பெற்றோர் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



 இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் ஒரு கணக்கர் எழுந்து நின்றால், அவையோர் உள்ளத்தில் என்ன கவலை எழும் என்பதை நான் அறிவேன். இந்தத் தில்லி மாநகரில் ஓர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லேன். ஆயினும் நம் காலனிக் குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லித் தரும் பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு வருணனை எழுதக் கற்பிப்பது எப்படி என்பதுபற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அந்தத் துறையில் நான் செய்த பிழையையும், அதை எனக்கு உணர்த்திய ஒரு பொம்மையையும் பற்றிக் கூறுவதே என் உரை.

நம் வகுப்பில் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய பாட்டியார் கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்கிறார். கண் நோயினால் பார்வை ஏறக்குறைய முழுவதும் மங்கிவிட்டது. சென்ற பொங்கலின்போது ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் அந்த அம்மையார் பேரனுக்காக ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைக் கொடுத்தனுப்பினார். கடையில் வாங்கிய புதுப் பொம்மை அன்று. வீட்டுப் பரணில் பல்லாண்டுகள் கிடந்த பழைய பொம்மை. அன்றிரவு தொலைபேசியில், "பொம்மை வந்ததா? எப்படி இருக்கிறது?" என்று பாட்டியார் கேட்டார். "நன்றாக இருக்கிறது, பாட்டி" என்றான் பையன். "நன்றாக இருக்கிறது என்றால் எப்படியடா இருக்கிறது?" என்று அவர் மீண்டும் கேட்டார். பையன் சற்றுத் திகைத்து, "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் தந்தையிடம் கொடுத்துவிட்டான்.

இதை அவன் தந்தை என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கோ அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. கண் தெரிந்த பாட்டியாக இருந்திருந்தால் பையன் கைப்பேசியின் முன் பொம்மையைத் தூக்கிக் காட்டியிருப்பான், சொல்லே தேவைப்பட்டிராது. பார்வை இழந்த ஒருவருக்குச் சொல்லன்றி வேறு கண் ஏது? அந்தக் கண்ணை நம் பையனால் கொடுக்க இயலவில்லை. அவனுக்குத் தமிழ் கற்பித்தவன் நான்.

அந்த வாரமே வகுப்பில் 'என் பாட்டி வீடு' என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னேன். பதினெட்டுக் குழந்தைகள் எழுதினார்கள். பதினெட்டு வீடுகளின் முன்னும் இரண்டு தென்னை மரங்கள் நின்றன. பதினெட்டு முற்றங்களிலும் துளசி மாடம் இருந்தது. கொல்லையில் கிணறு, கிணற்றடியில் வாழை. ஒரு பெண்ணின் பாட்டியார் சென்னையில் நான்காம் மாடியில் குடியிருப்பவர். அந்த மாடிக்கும் கிணறு வந்துவிட்டது! காரணம் வெளிப்படை. முந்தைய ஆண்டு நான் கரும்பலகையில் எழுதிப் போட்டு, மனப்பாடம் செய்ய வைத்த மாதிரிக் கட்டுரை அது. எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழையும் அதிகம் இல்லை. ஆனால் எந்தக் குழந்தையின் பாட்டியும் அந்த வீட்டில் இல்லை.

அன்று எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நம் குழந்தைகளின் வருணனை வறண்டு போவதற்குச் சொற்பஞ்சம் மட்டும் காரணமன்று. கண்முன் இல்லாத ஒன்றை, கையால் தொடாத ஒன்றை வருணிக்கச் சொல்கிறோம். தென்னந்தோப்பையும் ஏர் உழவையும் காணாத குழந்தை நம் சொற்களைக் கடன் வாங்காமல் வேறு என்ன செய்யும்? ஆகவே, எழுதச் சொல்வதற்கு முன் அதன் கையில் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். குழந்தையின் கைக்கு இசைந்த பொருள் பொம்மையை விட வேறு எது?

இது புதுமை அன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாலுக்குச் சிறுபறையும் சிறுதேரும், பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் வைத்தார்கள்; விளையாட்டுப் பொருளைச் சுற்றியே சில பருவங்களை அமைத்தார்கள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னே, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் ஒரு விளையாட்டுத் தேரைக் காட்டுகிறார். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டும் அந்தத் தேருக்குச் சக்கரம் மூன்று. இழுக்கக் குதிரை இல்லை. உலர வைத்த உணவுப் பொருளைக் கவர வந்த கோழியை விரட்ட மகளிர் கழற்றி எறிந்த கனத்த காதணி அந்தத் தேரின் வழியில் கிடந்து தடுக்கிறது. காதணியைக் கல்லாக எறியும் வீடுகள் எத்தகைய வீடுகள் என்று புலவர் விளக்கவில்லை, விளக்கத் தேவையுமில்லை. வருணனை என்றால் இதுதான். அடைமொழிகளை அடுக்குவதன்று, பொருளை உற்றுப் பார்த்து, உரியதைத் தேர்ந்து சொல்வது.

இனி, வகுப்பில் செய்த சில பயிற்சிகளைக் கூறுகிறேன். இவற்றை நீங்களும் உங்கள் வீட்டில் செய்யலாம்.

முதலாவது, துணிப்பை விளையாட்டு. ஒரு பைக்குள் ஐந்தாறு விளையாட்டுப் பொருள்களைப் போட்டேன்: ஒரு மரப்பாச்சி, ஒரு மாக்கல் சொப்பு, பனையோலைக் கிலுகிலுப்பை, ஆணி பதித்த பம்பரம், அரக்குச் சாயம் ஏற்றிய சென்னபட்டணத்து மரப் பொம்மை ஒன்று. குழந்தை கண்ணை மூடி, பைக்குள் கைவிட்டு, ஒன்றைத் தொட்டு, அதன் பெயரைச் சொல்லாமல் அது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னபட்டணத்துப் பொம்மையைத் தொட்ட ஒரு சிறுமி, "சிக்னா!" என்று கூவினாள். இந்திச் சொல் வந்துவிட்டதே என்று முன்னெல்லாம் கடிந்திருப்பேன். அன்று கடியவில்லை. அவள் விரல் உண்மையை உணர்ந்துவிட்டது. அதற்குரிய தமிழ்ச் சொல்தான் அவளிடம் இல்லை. "வழவழப்பு" என்றேன். அந்தச் சொல்லை அவள் இனி மறவாள். ஏனெனில், அது தேவைப்பட்ட கணத்தில் கிடைத்த சொல். இவ்வாறே ஓலையிலிருந்து 'சொரசொரப்பு', மாக்கல்லிலிருந்து 'குளிர்ச்சி', பம்பரத்தின் ஆணியிலிருந்து 'கூர்மை' என்று சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையேறின. நம் மொழியின் இரட்டைக்கிளவிகள் தொடு உணர்வுக்கும் ஓசைக்கும் எத்துணைப் பொருத்தமானவை என்பதை நானும் அன்றுதான் உணர்ந்தேன்.

பைக்குள் கைவிட்டுப் பொருளை அறியும் இப்பயிற்சி என் கண்டுபிடிப்பன்று. இத்தாலி நாட்டுக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில் உள்ளது. அவர் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் காரணமாக 1946 வரை நம் நாட்டிலேயே தங்கி, ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார். அவருடைய முறையில் சொல் கற்பிக்க மூன்று படிகள் உண்டு. "இது வழவழப்பு" என்பது முதற்படி. "வழவழப்பானதை எடுத்துக் கொடு" என்பது இரண்டாம் படி. "இது எப்படி இருக்கிறது?" என்பது மூன்றாம் படி. நாம் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளையும் தாண்டி, நேரே மூன்றாம் படியில் நின்றுகொண்டு குழந்தையை அதட்டுகிறோம்.

இரண்டாவது, கட்டை விளையாட்டு. ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள் இன்று பல வீடுகளில் உள்ளன. ஒரு குழந்தை பத்துக் கட்டைகளால் ஏதேனும் ஒன்றைக் கட்ட வேண்டும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். பிறகு அக்குழந்தை தான் கட்டியதைத் தமிழில் எழுத வேண்டும். கட்டியதைக் கலைத்து, எழுதிய தாளை மட்டும் அடுத்த அறையில் உள்ள குழந்தையிடம் கொடுக்கிறோம். அவன் தாளைப் படித்து மறுபடியும் கட்ட வேண்டும். முடிந்த பின் படத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

முதல் நாள் ஒன்றுகூட ஒத்திருக்கவில்லை. "மேலே ஒரு சிவப்புக் கட்டை" என்று ஒருவன் எழுதியிருந்தான். மேலே என்றால் எதன் மேல்? நெடுக்காகவா, குறுக்காகவா? விளிம்பை ஒட்டியா, நடுவிலா? ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்தால் குழந்தைக்கு வருத்தம் வரும். தோழன் கட்டிய கட்டடம் கோணலாக நின்றால் சிரிப்பு வரும், சிரிப்பின் பின்னே சிந்தனை வரும். மூன்றாம் வாரத்தில் 'இடப்புறம்', 'குறுக்கே', 'விளிம்பை ஒட்டி', 'இரண்டு புள்ளி தள்ளி' என்னும் தொடர்கள் தாமாகவே வந்தன. எழுதுவது மற்றொருவர் மனத்தில் ஒன்றைக் கட்டுவதற்காக என்பதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். இங்கே கைப்பேசி செய்த வேலை ஒன்றே: பொய் சொல்லாத சாட்சியாக நின்றது.

மூன்றாவது, பாட்டியார் அனுப்பிய தலையாட்டிப் பொம்மை. அதை அந்தச் சிறுவன் வகுப்புக்குக் கொண்டு வந்தான். எல்லோரும் ஒருமுறை தட்டிப் பார்த்து எழுதினார்கள். எல்லோரும் எழுதியது, "பொம்மை ஆடுகிறது" என்பதுதான். இக்காலக் கைப்பேசிகள் சிலவற்றில் அசைவை மெதுவாக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. நொடிக்கு 240 படங்கள் எடுத்து, நொடிக்கு 30 வீதம் ஓட்டிக் காட்டினால், ஒரு நொடியில் நிகழ்ந்தது எட்டு நொடிக்கு நீள்கிறது. அவ்வாறு எடுத்துச் சுவரில் காட்டினோம். பொம்மை சாய்ந்தது, தரையைத் தொடும் அளவுக்குப் போய் ஒரு கணம் தயங்கியது, நிமிர்ந்தது, நின்றுவிடாமல் மறுபக்கம் சரிந்தது, ஒவ்வொரு முறையும் சாய்வு குறைந்தது, நடுங்கியது, அடங்கியது. 'ஆடுகிறது' என்ற ஒரே வினைச்சொல்லுக்குள் ஏழு வினைகள் ஒளிந்திருந்தன!

ஏன் நிமிர்கிறது என்ற கேள்வியும் உடன் எழுந்தது. அடிப்பாகம் உருண்டை; அங்கே களிமண்ணின் கனம் முழுவதும் இருக்கிறது; மேற்பாகம் இலேசு. ஆகவே எப்பக்கம் தள்ளினாலும் கனம் கீழே வரப் பார்க்கிறது. இதையும் குழந்தைகள் எழுதினார்கள். நன்றாகப் பார்த்தவன் காரணத்தையும் கேட்கிறான். வருணனையும் அறிவியலும் ஒரே கூரையின் கீழ் வாழ்பவை.

நான்காவது, குரலை எழுத்தாக்கும் வசதி. நம் குழந்தைகள் பலர் தமிழில் சரளமாகப் பேசுவார்கள். எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். அவர்களைக் கைப்பேசியிடம் பேசச் சொன்னேன். பேசியது எழுத்தாகத் திரையில் தோன்றும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் 'மழை' என்று நினைத்து நாக்கை மடிக்காமல் பேசினால், திரையில் 'மலை' வந்து நிற்கும். 'பழம்' சில வேளை 'பலம்' ஆகிவிடும். நான் நூறு முறை திருத்தியும் திருந்தாத ழகரம் பலருக்கு இந்த விளையாட்டில் திருந்தியது. ஆயினும் ஒரு விதி வைத்தோம்: திரையில் வந்ததைக் கையால் தாளில் எழுதிய பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்டால் தானே கட்டுரை எழுதித் தரும் இயந்திரங்கள் 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. ஒரு மாணவி தலையாட்டிப் பொம்மையைப் பற்றி அவ்வாறு எழுதிய கட்டுரையைக் கொண்டு வந்தாள். மிக அழகிய நடை, பிழையே இல்லை. நான் அவளைக் கண்டிக்கவில்லை. பொம்மையை மேசை நடுவில் வைத்து, அக்கட்டுரையை வரிவரியாக எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றேன். கட்டுரையில் பொம்மையின் கையில் தாமரை இருந்தது. மேசையில் இருந்த பொம்மையிடம் தாமரை இல்லை. கட்டுரையில் வண்ணங்கள் பளபளத்தன. இந்தப் பொம்மையின் சாயமோ பாதி தேய்ந்திருந்தது. "ஐயா, இது ஏதோ ஒரு பொம்மையைப் பற்றி எழுதியிருக்கிறது, இந்தப் பொம்மையைப் பற்றி எழுதவில்லை" என்று அந்த மாணவியே சொன்னாள்.

அவையோரே, எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது என்ன என்று எண்ணுகிறீர்கள்? நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட தென்னை மரமும் துளசி மாடமும்தான். அந்த இயந்திரம் செய்ததை நான் முன்பே செய்துவிட்டேன். எவருக்கும் பொருந்துகிற கட்டுரை எவருக்கும் உரியதன்று. ஆகவே நான் இயந்திரத்தைப் பழிக்க வரவில்லை. குழந்தையை மீண்டும் ஒருமுறை பார்க்கச் செய்யும் கருவி நல்ல கருவி. குழந்தைக்குப் பதிலாகப் பார்க்கிற கருவி அதன் கண்ணைக் கட்டும் கருவி. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் போதும்.

பொம்மைகளுக்குப் பெரும்பணம் வேண்டுமே என்று எவரும் தயங்க வேண்டா. தீப்பெட்டி, சைக்கிள் ரப்பர்க் குழாய், பழைய செய்தித்தாள் ஆகியவற்றிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்யும் வழிகளை அரவிந்த் குப்தா அவர்கள் நாடெங்கும் பரப்பியிருக்கிறார். செய்யும் முறையை எழுதுவதும் வருணனையே. இதே தில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965இல் நிறுவிய பன்னாட்டுப் பொம்மைக் காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பல நாட்டுப் பொம்மைகள் நிற்கின்றன. நூற்றையும் விரைந்து பார்த்து வருவதைவிட, ஒரு பொம்மையின் முன் கால்மணி நேரம் நின்று வரும் குழந்தை அதிகம் எழுதும். வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே. குழந்தை "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும்போது, அந்தப் பாட்டியார் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்; கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருங்கள்.

அந்தப் பாட்டியாரிடமே என் உரையை முடிக்கிறேன்.

இரண்டு மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிறுவன் தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பேசினான். தந்தையின் வேண்டுகோளின்பேரில் நானும் உடனிருந்தேன். அவன் படித்தது இது:

"பாட்டி, பொம்மை என் இரண்டு கை நீட்டி வைத்தது போன்ற உயரம். அடி உருண்டையாக, கனமாக இருக்கிறது. உடுப்பு சிவப்பு. இடுப்புக்குக் கீழே சாயம் தேய்ந்து மண் நிறம் தெரிகிறது. மீசையில் வலப்பக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. தாடையில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம். தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது. தட்டினால் சாய்ந்து, எழலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுந்துவிடுகிறது."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு பாட்டியார், "அந்தப் பள்ளம் உன் அப்பன் செய்த வேலை. உன் வயதில் திண்ணையிலிருந்து உருட்டிவிட்டான். தாத்தா அடிப்பாரோ என்று பயந்து, அரிசி மாவைக் குழைத்து அப்பி மறைத்து வைத்திருந்தான். மாவை எறும்பு தின்றுவிட்டது" என்றார். அருகில் நின்ற தந்தையின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கே அது மறந்து போயிருந்தது. ஒரு சிறுவன் ஒரு பள்ளத்தை உற்றுப் பார்த்துச் சொன்னதனால், முப்பது ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ஒரு கதை அந்தக் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது.

பாட்டியார் அத்துடன் நிற்கவில்லை. "நான் தில்லியைப் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை. நீ இருக்கிற வீடு எப்படி இருக்கும்? அதையும் எழுதிப் படி" என்றார்.

அடுத்த வாரம் அவன் எழுதி வந்த கட்டுரையில் தென்னை மரம் இல்லை. துளசி மாடமும் இல்லை. மஞ்சள் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் இருந்தது. சன்னலில் கடகடக்கும் கூலர் இருந்தது. வாசலில் ஒரு வேப்பமரமும், குளிர்கால மூடுபனியில் தலை மட்டும் தெரியும் பால் வண்டிக்காரரும் இருந்தார்கள். நம் காலனி முதன்முறையாகத் தமிழில் எழுதப்பட்டிருப்பதை நான் கண்டேன். ஊரை நினைந்து ஏங்கும் தமிழ் மட்டும் நம் பிள்ளைகளுக்குப் போதாது. தாங்கள் வாழும் இடத்தைப் பார்த்து, ஊருக்குச் சொல்லும் தமிழும் வேண்டும். அதற்கு ஒரு பொம்மையிலிருந்து தொடங்குவோம்.